ஒரு வட்டார மாலின் வரலாற்றை எழுதுவது எப்படி

அமெரிக்கப் புறநகரங்களில் 1950களிலிருந்து எழுந்த வட்டார மால்களைப் பற்றி எழுதப்படும் பெரும்பாலான கட்டுரைகள் இரண்டு நாட்களைச் சுற்றியே நிற்கின்றன. ஒன்று திறப்பு விழா நடந்த நாள், மற்றொன்று கதவுகள் பூட்டப்பட்ட நாள். இடைப்பட்ட முப்பது நாற்பது ஆண்டுகள் சில கடைப் பெயர்களாகவும், நீரூற்று இருந்த இடத்தைப் பற்றிய நினைவுகளாகவும் சுருங்கிவிடுகின்றன. அந்த நினைவுகள் மதிப்புள்ளவைதான். ஆனால் ஒரு மால் ஏன் அந்த நிலத்தில் வந்தது, யாருடைய பணத்தில் நின்றது, யார் கையெழுத்திட்ட ஒப்பந்தம் அதை மாறவிடாமல் தடுத்தது என்ற கேள்விகளுக்கு அவை விடை தருவதில்லை. அந்த விடைகள் பத்திரங்களிலும் கூட்டக் குறிப்புகளிலும் வரிக் கோப்புகளிலும் கிடக்கின்றன. அவற்றைத் தேடி எடுத்துக் கோத்து வரலாறாக எழுத விரும்புகிறவருக்கான வழிமுறை இது.

முதலில் நீங்கள் எழுதப்போகும் மால் எந்த வகையைச் சேர்ந்தது என்பதை உறுதி செய்துகொள்ளுங்கள். இத்துறையின் சங்கம் பின்பற்றும் வகைப்பாட்டில், வாடகைக்கு விடக்கூடிய பரப்பு நான்கு லட்சம் முதல் எட்டு லட்சம் சதுர அடி வரை இருந்தால் அது வட்டார மால். அதற்கு மேற்பட்டது பெருவட்டார மால். இரண்டு அல்லது மூன்று டிபார்ட்மென்ட் ஸ்டோர்கள் முனைகளில் நின்று கூட்டத்தை இழுக்க, அவற்றுக்கு இடையிலான நடைவழியில் சிறு கடைகள் அந்தக் கூட்டத்தை நம்பி வாழ்வதே இதன் அமைப்பு. முனைகளில் நிற்கும் அந்தப் பெரிய கடைகளை வணிகத்தில் ஆங்கர் கடைகள் என்பார்கள். இந்த அமைப்பைப் புரிந்துகொள்ளாமல் எழுதினால், ஓர் ஆங்கர் கடை வெளியேறியதும் முப்பது சிறு கடைகள் அடுத்த சில ஆண்டுகளுக்குள் காலியானதற்கான காரணம் வாசகருக்கு விளங்காது.

அடுத்து, அந்த மாலைக் காலவரிசையில் அதற்குரிய இடத்தில் வைத்துப் பாருங்கள். சியாட்டிலின் நார்த்கேட் 1950இல் திறந்தது. டெட்ராய்ட்டுக்கு வெளியே சவுத்ஃபீல்டில் ஜே.எல். ஹட்சன் நிறுவனம் கட்டிய நார்த்லேண்ட் 1954இல் திறந்தது. முழுவதும் கூரையிட்டு, ஆண்டு முழுவதும் ஒரே தட்பவெப்பத்தில் வைத்திருந்த முதல் மால் மினசோட்டாவின் ஈடினா நகரில் உள்ள சவுத்டேல். அது 1956 அக்டோபர் 8 அன்று திறந்தது. நார்த்லேண்டையும் சவுத்டேலையும் வடிவமைத்தவர் வியன்னாவில் பிறந்து 1938இல் அமெரிக்காவுக்கு வந்த விக்டர் க்ரூயன். சவுத்டேலைச் சுற்றி வீடுகளும் பள்ளியும் பூங்காவும் கொண்ட ஒரு முழு நகர மையம் உருவாக வேண்டும் என்று அவர் எண்ணியிருந்தார். பின்னாளில் நாடெங்கும் எழுந்த மால்களிலிருந்து வெளிப்படையாகவே விலகிக்கொண்டார். வடிவமைத்தவரின் நோக்கத்துக்கும் கட்டி முடிக்கப்பட்டதற்கும் உள்ள இந்த இடைவெளி உங்கள் மாலிலும் இருக்கக்கூடும். திறப்பு விழாவுக்கு முன் வெளியான மாதிரி வரைபடங்களையும் கடைசியில் எழுந்த கட்டடத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். விட்டுப்போனவை எவை என்று குறித்துக்கொண்டால், பணம் எங்கே தீர்ந்தது, யார் மறுத்தார்கள் என்ற கேள்விகள் தாமாகவே எழும்.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. ‘முதல்’, ‘மிகப் பெரிய’ என்ற சொற்களை உள்ளூர்ப் பத்திரிகைகள் தாராளமாகப் பயன்படுத்தின. எதில் முதல், எந்த எல்லைக்குள் முதல் என்று கேட்டு விடை கிடைத்தால் மட்டுமே அவற்றை எடுத்தாளுங்கள். தொடக்கத்தில் பல மால்கள் திறந்தவெளி நடைவழியோடுதான் இருந்தன. கூரை பின்னாளில் வந்தது. நார்த்கேட்டுக்கும் நார்த்லேண்டுக்கும் 1970களில்தான் கூரை போட்டார்கள். ஆகவே கட்டிய ஆண்டு, கூரையிட்ட ஆண்டு, விரிவாக்கிய ஆண்டு ஆகிய மூன்றையும் தனித்தனியாகப் பதிவு செய்ய வேண்டும். இவற்றைக் குழப்பிய கட்டுரைகள் ஒன்றிலிருந்து ஒன்று எடுத்தெழுதப்பட்டு, தவறான ஆண்டுகள் நிலைத்துப்போன மால்கள் பல உண்டு.

நிலத்திலிருந்து தொடங்குங்கள்

மாலின் வரலாற்றைக் கட்டடத்திலிருந்து தொடங்குகிறவர்கள் பாதிக் கதையை இழக்கிறார்கள். கவுண்டியின் (மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி) பதிவு அலுவலகத்தில் விற்றவர் பெயரையும் வாங்கியவர் பெயரையும் கொண்டு தேடும் அட்டவணைகள் இருக்கும். இன்றைய உரிமையாளரில் தொடங்கி ஒவ்வொரு கிரயமாகப் பின்னோக்கிச் சென்றால், ஏதோ ஒரு விவசாயக் குடும்பத்திடமோ குதிரைப் பந்தய மைதானத்திடமோ போய்ச் சேர்வீர்கள். ஓஹையோ மாநிலத்தின் நார்த் ராண்டலில் 1976இல் திறந்த ராண்டல் பார்க் மால், பந்தய மைதானம் இருந்த நிலத்தில் எழுந்தது. இடையில் வரும் வாங்குபவர்களில் சிலர், கேள்விப்படாத பெயருடைய சிறு நிறுவனங்களாக இருப்பார்கள். மால் வருகிறது என்று தெரிந்தால் நிலத்தின் விலை ஏறிவிடும் என்பதால், கட்டுநர்கள் பெயரை மறைத்து வாங்குவது வழக்கமாக இருந்தது. அந்தச் சிறு நிறுவனங்களின் பதிவு ஆவணங்களை மாநிலச் செயலர் அலுவலகத்தில் பார்த்தால் பின்னால் இருந்தவர் யாரென்று பெரும்பாலும் தெரிந்துவிடும்.

நிலம் கைமாறிய ஆண்டுகளை நெடுஞ்சாலைத் திட்டங்களோடு ஒப்பிடுங்கள். 1956ஆம் ஆண்டின் நெடுஞ்சாலைச் சட்டம் 41,000 மைல் நீளமுள்ள மாநிலங்களுக்கு இடையிலான சாலைகளுக்கு வழி வகுத்தது. அந்தச் சாலைகளின் சந்திப்புகள் எங்கே வரும் என்று முன்கூட்டியே அறிந்தவர்களுக்கு அது பெரும் வாய்ப்பாக அமைந்தது. இதைவிடக் குறைவாகப் பேசப்படுவது வரிச் சட்டம். வணிகக் கட்டடங்களின் தேய்மானத்தை முதல் ஆண்டுகளிலேயே அதிகமாகக் கணக்கில் காட்ட 1954ஆம் ஆண்டின் வருமான வரிச் சட்டத் தொகுப்பு அனுமதித்தது. அதனால் புதிய கட்டடம் கட்டுவது முதலீட்டாளர்களுக்கு வரியைக் குறைக்கும் வழியாயிற்று. பழையதைப் பேணுவதைக் காட்டிலும் புதியது கட்டுவதே லாபம் என்ற நிலை வந்தது. மக்கள் புறநகருக்குக் குடிபெயர்ந்ததால் மால்கள் வந்தன என்ற வழக்கமான விளக்கத்தோடு இதையும் சேர்த்து எழுதாவிட்டால், மக்கள்தொகை பெருகாத ஊர்களிலும் ஏன் இரண்டாவது மாலும் மூன்றாவது மாலும் எழுந்தன என்பதை விளக்கவே முடியாது.

திட்டக்குழுக் கூட்டக் குறிப்புகளைப் பொறுமையாகப் படியுங்கள். நிலப் பயன்பாட்டை விவசாயத்திலிருந்து வணிகத்துக்கு மாற்றக் கோரிய நாள், எதிர்த்துப் பேசியவர்கள், சாலையை யார் செலவில் அகலப்படுத்துவது என்ற வாதம், மழைநீர் எங்கே போகும் என்ற கேள்வி எல்லாம் அங்கே இருக்கும். ஊரின் பழைய கடைத்தெரு வணிகர்கள் எழுப்பிய ஆட்சேபங்களும் பல ஊர்களில் கிடைக்கின்றன. அவர்கள் அஞ்சியது நடந்ததா என்பதை உங்கள் வரலாறு பின்னால் ஓரிடத்தில் சொல்லியாக வேண்டும்.

பதிவு அலுவலகத்தில் தேட வேண்டிய மிக முக்கியமான ஆவணம் வேறொன்று. வெளியிலிருந்து பார்த்தால் மால் ஒரே கட்டடம்; நில வரைபடத்தில் அது பல துண்டுகள். ஆங்கர் கடைகளில் பல தங்கள் கட்டடத்தையும் அதன் அடிநிலத்தையும் கார் நிறுத்தத்தின் ஒரு பகுதியையும் தாங்களே வைத்திருந்தன. நடைவழியும் சிறு கடைகளும் மட்டுமே மால் நிறுவனத்துக்குச் சொந்தம். இந்த உரிமையாளர்கள் எல்லோரும் சேர்ந்து செய்துகொண்ட பரஸ்பர உரிமை ஒப்பந்தம் நிலத்தோடு இணைந்து பதிவாகியிருக்கும். நூறு பக்கங்களைத் தாண்டும் சலிப்பூட்டும் ஆவணம்தான். ஆனாலும் முழுதாகப் படியுங்கள். ஆங்கர் கடை இத்தனை ஆண்டுகள் டிபார்ட்மென்ட் ஸ்டோராகவே இயங்க வேண்டும், இத்தனை சதுர அடிக்கு இத்தனை கார் இடம் இருக்க வேண்டும், அனைவரின் ஒப்புதல் இல்லாமல் கார் நிறுத்தத்தில் எதுவும் கட்டக்கூடாது என்பன போன்ற நிபந்தனைகள் அதில் இருக்கும். அவை முடிவுறும் ஆண்டைக் குறித்துக்கொள்ளுங்கள். ஓர் ஆங்கர் கடை எந்த ஆண்டில் வெளியேறியது என்பதற்கும், காலியான மாலை மாற்றிக் கட்டப் பல ஆண்டுகள் யாராலும் முடியாமல் போனதற்கும் பெரும்பாலும் இந்தப் பக்கங்களில்தான் விடை இருக்கிறது. என் கருத்தில், இந்த ஒப்பந்தத்தைப் படிக்காமல் எழுதப்பட்ட எந்த மால் வரலாறும் முழுமையானதல்ல.

கடைவாரியாக ஒரு பேரேடு

இனி மாலின் ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி ஒரு பேரேடு தயாரியுங்கள். இட எண், பரப்பு, கடையின் பெயர், தொடங்கிய நாள், முடிந்த நாள், அந்த நாளுக்கான ஆதாரம், ஆதாரத்தின் உறுதி ஆகியவை தலைப்புகளாக இருக்கட்டும். கடைசித் தலைப்பைப் பலர் விட்டுவிடுகிறார்கள். பின்னாளில் இரண்டு ஆதாரங்கள் முரண்படும்போது அதுதான் கைகொடுக்கும். நாள் தெரியாத இடத்தில் ஆண்டையும், ஆண்டும் தெரியாத இடத்தில் ‘இந்த ஆண்டுக்குப் பின், இந்த ஆண்டுக்கு முன்’ என்ற இடைவெளியையும் எழுதுங்கள். ஊகத்தை நாளாக மாற்றி எழுதாதீர்கள்.

ஆதாரங்களின் குணம் ஒன்றுக்கொன்று வேறுபடும். திறப்பு விழாவன்று உள்ளூர் நாளிதழ் வெளியிட்ட சிறப்பு இணைப்பு நூலகத்தின் மைக்ரோஃபிலிமில் கிடைக்கும். ஆனால் அதிலுள்ள கடைப் பட்டியலில் ‘விரைவில்’ என்று குறிக்கப்பட்டவற்றில் சில திறக்கவே இல்லை. அடுத்த ஆறு மாத விளம்பரங்களில் அந்தப் பெயர்கள் வருகின்றனவா என்று சரிபாருங்கள். தொலைபேசி விவரப் புத்தகங்களும் நகர விவரப் புத்தகங்களும் அச்சான ஆண்டுக்கு முந்தைய ஆண்டின் தகவலையே பெரும்பாலும் தாங்கியிருக்கும். 1979ஆம் ஆண்டுப் புத்தகத்தில் ஒரு கடை இருப்பதால் அது 1979இல் இருந்தது என்று முடிவு கட்டக்கூடாது. கடையின் உட்புற வேலைக்காக நகராட்சி வழங்கிய கட்டட அனுமதிகளே தொடக்க நாளுக்கு மிக நெருக்கமான சான்று. மால் வாசலில் வைக்கப்பட்ட மடிப்புத் தாள் வரைபடங்கள் பழைய பொருள் சேகரிப்பாளர்களிடமும் நூலகத்தின் உள்ளூர் வரலாற்றுப் பிரிவிலும் இருக்கும். அவற்றின் மூலையில் சிறிய எழுத்தில் அச்சான மாதமும் ஆண்டும் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

விரிவாக்கங்களுக்கு வான்வழிப் புகைப்படங்களைப் போன்ற சான்று வேறில்லை. அமெரிக்க வேளாண் துறை 1930களிலிருந்தே பண்ணை நிலங்களை வானிலிருந்து படமெடுத்து வந்தது. நிலவியல் ஆய்வுத் துறையின் தொகுப்பிலும் பின்னாளைய படங்கள் ஏராளம். பத்தாண்டுக்கு ஒன்றாக நான்கைந்து படங்களை ஒரே அளவில் அடுக்கிப் பார்த்தால் வயல், மண்மேடு, மால், புதிதாக இணைத்த பகுதி, மேலும் ஒரு ஆங்கர் கடை என்று வளர்ச்சி கண்முன் விரியும். கார் நிறுத்தத்தில் நிற்கும் கார்களின் எண்ணிக்கையை வைத்து வியாபாரத்தை அளக்க மட்டும் முயல வேண்டாம். படம் எடுத்த கிழமையும் நேரமும் தெரியாமல் அது எதையும் நிரூபிக்காது.

மாலின் உரிமையாளர் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட நிறுவனமாக இருந்திருந்தால் உங்களுக்கு நல்ல காலம். 1990களின் நடுப்பகுதியிலிருந்து அவர்களின் ஆண்டறிக்கைகள் பங்குப் பரிவர்த்தனை ஆணையத்தின் இணையக் காப்பகத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. அவற்றின் சொத்து அட்டவணையில் ஒவ்வொரு மாலின் பரப்பும், ஆங்கர் கடைகளும், எத்தனை விழுக்காடு இடம் வாடகைக்குப் போயிருக்கிறது என்பதும், அடமானக் கடனின் தொகையும் அது முதிரும் ஆண்டும் பல நிறுவனங்களில் தரப்பட்டிருக்கும். பத்து அறிக்கைகளிலிருந்து உங்கள் மாலின் வரியை மட்டும் எடுத்து ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிவிட்டால், எந்தச் செய்தித்தாளும் சொல்லாத ஒரு வரலாறு கையில் இருக்கும். அந்த வரி எந்த ஆண்டு அறிக்கையிலிருந்து மறைகிறது என்பதும் ஒரு தகவல்தான்.

பெயர்மாற்றங்களில் மிகுந்த கவனம் வேண்டும். சவுத்டேலின் டேட்டன்ஸ் கடையை எடுத்துக்கொள்வோம். டேட்டன் நிறுவனம் 1969இல் ஹட்சன் நிறுவனத்தோடு இணைந்தது. அந்தக் கூட்டு நிறுவனம் 2000இல் டார்கெட் என்று பெயர் மாற்றிக்கொண்டது. 2001இல் டேட்டன்ஸ், ஹட்சன்ஸ் கடைகள் எல்லாம் மார்ஷல் ஃபீல்ட்ஸ் என்ற பெயருக்கு மாறின. 2004இல் அவற்றை ‘மே’ என்ற டிபார்ட்மென்ட் ஸ்டோர் நிறுவனம் வாங்கியது. 2005இல் மே நிறுவனத்தை, மேசீஸ் கடைகளை நடத்திய ஃபெடரேட்டட் நிறுவனம் வாங்கியது. 2006 செப்டம்பரில் பெயர்ப்பலகை மேசீஸ் ஆயிற்று. வாசலில் பெயர் இரண்டு முறைதான் மாறியது. உரிமை மாறிய நாட்கள் வேறு. கடை ஒருநாளும் மூடப்படவில்லை. ‘டேட்டன்ஸ் 2001இல் மூடப்பட்டது’ என்று எழுதினால் அது பிழை. உங்கள் பேரேட்டில் பெயர், உரிமையாளர், இயக்கம் ஆகிய மூன்றையும் வேறு வேறு கட்டங்களில் வையுங்கள்.

நினைவுகளைக் கேட்கும் முறை

பேரேடு ஓரளவு நிரம்பிய பிறகே மனிதர்களிடம் செல்லுங்கள். வெறுங்கையோடு போய் ‘மாலைப் பற்றிச் சொல்லுங்கள்’ என்று கேட்டால், எல்லோரும் கிறிஸ்துமஸ் அலங்காரத்தையும் நீரூற்றையும் பற்றியே பேசுவார்கள். ஒரு குறிப்பிட்ட ஆண்டின் வரைபடத்தை முன்னால் விரித்து, ‘இந்த இடத்தில் எது இருந்தது, பக்கத்துக் கடைக்காரர் யார், சரக்கு லாரி எந்த வழியாக வரும்’ என்று கேளுங்கள். விரல் வரைபடத்தில் நகரத் தொடங்கியதும் நினைவு தெளிவடையும். வாடிக்கையாளர்களைவிட அங்கே உழைத்தவர்களுக்கு அதிகம் தெரியும்: கொதிகலனையும் குளிரூட்டியையும் பராமரித்தவர்கள், இரவுக் காவலர்கள், துப்புரவுப் பணியாளர்கள், வாடகை வசூலித்த அலுவலக ஊழியர்கள், காலை நடைப்பயிற்சிக்காகக் கதவு திறக்குமுன் வந்து நின்ற முதியவர்கள். கூரை எந்த ஆண்டு முதல் ஒழுகத் தொடங்கியது, பழுதான எஸ்கலேட்டரை எப்போது சரிசெய்யாமல் விட்டார்கள் என்பது பராமரிப்புப் பணியாளருக்கே தெரியும். உரிமையாளர் பணம் போடுவதை நிறுத்திய காலத்தை அவர் வாய்மொழி சொல்லிவிடும். பேசுபவரின் எழுத்துப்பூர்வமான ஒப்புதலைப் பெற்று, ஒலிப்பதிவைப் பாதுகாத்து, அவர் சொன்ன ஆண்டுகளைப் பேரேட்டோடு ஒப்பிடுங்கள். முரண்பட்டால் ஆவணத்தை நம்புங்கள்; ஆனால் முரண்பாட்டையும் குறித்துவையுங்கள்.

படக்காட்சிகளை அப்படியே நம்பிவிடாதீர்கள். இல்லினாய் மாநிலத்தின் ஹார்வியில் இருந்த டிக்சி ஸ்கொயர் மால் 1978இல் மூடப்பட்டது; மறு ஆண்டு ஒரு திரைப்படத்தின் கார் துரத்தல் காட்சியை அதற்குள் படமாக்கினார்கள். அதற்காகக் காலிக் கடைகளைச் சரக்கால் நிரப்பி, இயங்கும் மால் போல அலங்கரித்தார்கள். அந்தக் காட்சியில் தெரியும் கடைகளை வைத்து அந்த மாலின் கடைப்பட்டியலை எழுதினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

யார் வந்தார்கள் என்று கேட்பதைப் போலவே, யாரை வரவிடவில்லை என்றும் கேளுங்கள். மால் மக்கள் கூடும் இடமாக இருந்தாலும் தனியார் சொத்து. அதற்குள் துண்டறிக்கை கொடுக்கலாமா, மறியல் செய்யலாமா என்ற கேள்வி அமெரிக்க உச்ச நீதிமன்றத்துக்குப் பலமுறை சென்றது. 1968இல் பென்சில்வேனியாவின் லோகன் வேலி வழக்கில் நீதிமன்றம் தொழிற்சங்கத்தின் பக்கம் நின்றது. 1972இல் போர்ட்லாந்தின் லாயிட் சென்டர் வழக்கில் அந்த உரிமையைச் சுருக்கியது. 1980இல் கலிபோர்னியாவின் ப்ரூன்யார்ட் வழக்கில், மாநில அரசமைப்பு கூடுதல் உரிமை தரலாம் என்றது. உங்கள் மால் எந்த மாநிலத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்து, அதன் நடைவழியில் என்ன நடக்க முடிந்தது என்பதே மாறும். பேருந்து வழித்தட அட்டவணையும் ஒரு வரலாற்று ஆவணமே. நியூயார்க் மாநிலத்தின் பஃபலோ அருகேயுள்ள வால்டன் கலேரியா மாலில், நகரின் கறுப்பின மக்கள் வாழும் பகுதியிலிருந்து வந்த பேருந்து மால் வளாகத்துக்குள் நிற்கவில்லை. 1995 டிசம்பரில், ஏழு தடங்கள் கொண்ட சாலையைக் கடந்து தன் வேலைக்குச் செல்ல முயன்ற 17 வயதுப் பெண் லாரியில் அடிபட்டு, பின்னர் இறந்தார். அது தொடர்பான வழக்கு 1999இல் சமரசத்தில் முடிந்தது. உங்கள் மாலுக்கு வந்த பேருந்து எங்கே நின்றது, எந்த ஆண்டு முதல் நின்றது, அந்த இடத்தை யார் தீர்மானித்தார்கள் என்பதைப் போக்குவரத்துக் கழகத்தின் பழைய அட்டவணைகளில் தேடுங்கள்.

வீழ்ச்சியை எழுதும்போது

‘இணைய வணிகம் வந்தது, மால் செத்தது’ என்ற ஒற்றை வரி விளக்கத்தைத் தயவுசெய்து எழுதாதீர்கள். டிக்சி ஸ்கொயர் 1966இல் திறந்து பன்னிரண்டே ஆண்டுகளில் மூடப்பட்டது. அப்போது இணைய வணிகம் என்ற ஒன்றே இல்லை. உங்கள் பேரேட்டைப் புரட்டி, காலியிடங்கள் பெருகத் தொடங்கிய ஆண்டைக் கண்டுபிடியுங்கள். பிறகு அந்த ஆண்டைச் சுற்றி என்ன நடந்தது என்று பாருங்கள்: பதினைந்து மைலுக்குள் புதிய மால் திறந்ததா, ஊரின் பெரிய தொழிற்சாலை மூடியதா, புதிய புறவழிச்சாலை போக்குவரத்தைத் திருப்பியதா, மால் விற்கப்பட்டதா?

நாடு தழுவிய நிகழ்வுகளையும் அருகில் வைத்துப் பார்க்க வேண்டும். பல மால்களில் ஆங்கர் கடையாக இருந்த மான்ட்கோமரி வார்ட் 2000 டிசம்பரில் மொத்தமாக மூடுவதாக அறிவித்தது. 2005இல் நடந்த ஃபெடரேட்டட்–மே இணைப்புக்குப் பின், ஒரே மாலில் எதிரெதிரே நின்ற இரண்டு ஆங்கர் கடைகள் ஒரே உரிமையாளரின் கைக்கு வந்த இடங்களில் ஒன்று தேவையற்றதாகிவிட்டது. பல மால்களை வைத்திருந்த ஜெனரல் க்ரோத் நிறுவனம் 2009 ஏப்ரலில் திவால் பாதுகாப்பு கோரியது. மால்களில் கூட்டம் இருந்தும், கடனைப் புதுப்பிக்க முடியாததே காரணம். மற்றோர் ஆங்கர் கடை நிறுவனமான சியர்ஸ் 2018 அக்டோபரில் திவால் மனு கொடுத்தது. சிறு கடைகளின் குத்தகை ஒப்பந்தங்களில், ஆங்கர் கடை காலியானால் வாடகையைக் குறைக்கவோ வெளியேறவோ உரிமை தரும் பிரிவு இருப்பதுண்டு. ஒரு கதவு மூடினால் வரிசையாக மற்றவை மூடுவதற்கு அதுவே வழி. மாலின் மதிப்பு குறைந்துவிட்டதென்று சொல்லிச் சொத்து வரியைக் குறைக்கக் கோரி உரிமையாளர் செய்த மேல்முறையீடு இருந்தால் அந்தக் கோப்பைக் கேட்டு வாங்குங்கள். பொதுவெளியில் எல்லாம் நலம் என்று சொல்லிக்கொண்டிருந்த அதே ஆண்டில், வருமானச் சரிவையும் காலி இடங்களையும் அவர்களே அங்கே ஒப்புக்கொண்டிருப்பார்கள். மால் நீதிமன்றம் நியமித்த நிர்வாகியின் கைக்குப் போயிருந்தால் இன்னும் நல்லது: நார்த்லேண்ட் அப்படித்தான் 2015இல், மேசீஸ் வெளியேறியதைத் தொடர்ந்து மூடப்பட்டது. அத்தகைய நிர்வாகி நீதிமன்றத்துக்கு அளிக்கும் அறிக்கைகளில் மின்கட்டணம் முதல் கூரைப் பழுது வரை பதிவாகியிருக்கும்.

மூடிய நாளோடு நிறுத்திவிடாதீர்கள். நிலம் அங்கேயேதான் இருக்கிறது. ராண்டல் பார்க் 2009இல் மூடப்பட்டு, இடிக்கப்பட்டு, 2018இல் அந்த இடத்தில் அமேசானின் சரக்குக் கிடங்கு இயங்கத் தொடங்கியது. நார்த்கேட்டின் இடத்தில் 2021இல் ஐஸ் ஹாக்கி அணியின் பயிற்சி மையம் திறந்தது. உங்கள் மாலின் நிலத்துக்கு அளிக்கப்பட்ட புதிய வரிச்சலுகை, புதிய நிலப் பயன்பாட்டு மாற்றம், பழைய பரஸ்பர ஒப்பந்தத்தை ரத்து செய்த பத்திரம் ஆகியவற்றின் நாட்களைக் கடைசி அத்தியாயத்தில் சேருங்கள்.

எழுதி முடித்ததும் பேரேட்டின் ஒரு பிரதியையும், ஒலிப்பதிவுகளையும், ஆவணங்களின் நகல்களையும் ஊர் நூலகத்தின் வரலாற்றுப் பிரிவில் ஒப்படையுங்கள். கோப்புகளின் பெயரில் ஆண்டும் மாதமும் நாளும் அந்த வரிசையிலேயே வரட்டும். நேர்காணல் தந்தவர்களின் ஒப்புதல் கடிதங்களை ஒலிப்பதிவோடு சேர்த்தே வையுங்கள், இல்லாவிட்டால் நூலகம் அவற்றைப் பிறருக்குத் திறந்துவிட முடியாது.